பெல்லிங்ஹாமில் காற்று திரும்பிவிட்டதா?

1996-ஆம் ஆண்டு நாங்கள் சியாட்டிலுக்குக் குடிவந்து நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று மாலை பக்கத்து வீட்டுப் பெரியவர் சாப்பிட அழைத்திருந்தார். பரிமாறிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய், சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியை எடுத்தார். சுமார் 90 மைல் வடக்கே, கனடா எல்லையை ஒட்டிய பெல்லிங்ஹாமில் இருந்த தங்கையை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். காற்று திரும்பிவிட்டதா? தங்கை ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்து வந்து பதில் சொன்னார். வடகிழக்கிலிருந்து வீசுகிறது, பின்கதவு படபடவென்று அடித்துக்கொள்கிறது. பெரியவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "காலையில் ஸ்னோ இருக்கும்" என்றார். இருந்தது.

சியாட்டில் பூகோளத்தில் கியூபெக் நகரத்தைவிடச் சற்று வடக்கே இருக்கிறது. கியூபெக்கில் குளிர்காலம் என்றால் ஆளுயரத்துக்கு மேல் பனி விழும். சியாட்டிலிலோ, விமான நிலையக் கணக்குப்படி 1991 முதல் 2020 வரையிலான சராசரி, ஆண்டுக்குச் சுமார் ஆறு அங்குலம்தான். ஆறு அங்குலமும் ஒழுங்காக ஆண்டுதோறும் வருவதில்லை. ஓர் ஆண்டு ஒன்றுமே இருக்காது, இன்னோர் ஆண்டு ஒரே வாரத்தில் ஊரை மூடிவிடும். மேற்கே பசிபிக் பெருங்கடல் இருக்கிறது. அங்கிருந்து வரும் காற்று நடுக்குளிர்காலத்திலும் வெதுவெதுப்பை விடாது. கிழக்கே காஸ்கேட் மலைத்தொடர் மதில்போல நின்று கண்டத்தின் உள்ளிருக்கும் கடுங்குளிரை இந்தப் பக்கம் வரவிடாமல் தடுக்கிறது. அந்த மதிலில் ஒரு வாசல் உண்டு. கனடாவின் உள்நாட்டிலிருந்து ஃபிரேசர் ஆறு மலையை அறுத்துக்கொண்டு கடலை நோக்கி வரும் பள்ளத்தாக்கு அது. ஆர்க்டிக் குளிர் கனடாவின் உள்மேட்டில் தேங்கி நிரம்பி, அந்த வாசல் வழியாக வழிந்து வரும்போது, அமெரிக்கப் பக்கத்தில் அதன் முகத்துக்கு நேரே நிற்பது பெல்லிங்ஹாம். அங்கே வழக்கமான தென்காற்று நின்று வடகிழக்குக் காற்று எழுந்தால், குளிர் வாசல்படியைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

குளிர் வந்தால் மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். ஈரம் கடலிலிருந்து வரவேண்டும். கடற்காற்று கொஞ்சம் ஓங்கினால் குளிரைத் துடைத்தெறிந்துவிட்டு மழையாகக் கொட்டும். வடகாற்று ஓங்கினால் வானம் பளிச்சென்று வெளுத்து, நட்சத்திரம் தெரியும், ஒரு துளிகூட விழாது. இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் சில மணி நேரம் சமமாக நிற்க வேண்டும். அந்தச் சில மணி நேரத்தைத்தான் இந்த ஊரின் வானிலைப் பித்தர்கள் நவம்பர் முதல் மார்ச் வரை தேடுகிறார்கள். நான் அவர்களில் ஒருவனாகி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகின்றன.

பெரியவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. முதல் பக்கத்தில் 1950 ஜனவரி என்று எழுதியிருக்கும். அப்போது அவருக்குப் பள்ளிக்கூட வயது. அந்த மாதம் விமான நிலையத்தில் மொத்தம் 57.2 அங்குலம் பனி பதிவானது. அதில் 20 அங்குலம் 13-ஆம் தேதி ஒரே நாளில் விழுந்தது. மாதத்தின் கடைசி நாளில் வெப்பநிலை பூஜ்யம் ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியது. அதற்குக் கீழே அந்த இடம் இன்றுவரை போனதில்லை. பள்ளிக்கூட அடிக்கோலை எடுத்துக்கொண்டுபோய் வாசலில் குத்தி அளந்ததாகச் சொல்வார். கோல் முழுவதும் உள்ளே போய்விட்டது, பிறகு துடைப்பக்கட்டையில் கோடு கிழித்துக்கொண்டேன் என்பார். 1968-69 குளிர்காலத்தின் 67.5 அங்குலமும் அந்த நோட்டில் நாள்வாரியாக, பென்சிலில் எழுதப்பட்டிருந்தது. அவருடைய தந்தை அவருக்கு 1916-ஐப் பற்றிச் சொல்லியிருந்தார். அந்த பிப்ரவரியில் 24 மணி நேரத்தில் 21.5 அங்குலம் விழுந்து, செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தின் குவிமாடம் பனியின் கனம் தாங்காமல் உள்ளே சரிந்தது.

இந்த எண்களை அப்படியே வரிசையாக வைத்து ஒப்பிடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். 1916-இல் அளந்தது கடற்கரையை ஒட்டிய நகர மையத்தில். 1940-களின் நடுவிலிருந்து அளப்பது தெற்கே 433 அடி உயர மேட்டில் இருக்கும் சீ-டாக் விமான நிலையத்தில். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நுங்கம்பாக்கத்தில் ஒரு மழை, மீனம்பாக்கத்தில் ஒரு மழை என்று கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் நாம். இங்கே உயரமும் சேர்ந்துகொள்கிறது. குவீன் ஆன் குன்றின் உச்சியில் காருக்கு மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும்போது, நடந்து போகும் தூரத்தில், கடலோரத்தில், வெறும் மழை பெய்யும்.

அன்றைக்குப் பெரியவரிடம் இருந்த கருவிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வடக்குப் பார்த்த சன்னலுக்கு வெளியே ஒரு வெப்பமானி. கூடத்தில் ஒரு பழைய பாரமானி. கடந்துபோகும்போதெல்லாம் அதன் கண்ணாடியை விரலால் தட்டுவார். தோட்டத்தில் வெள்ளைச் சாயம் பூசிய ஒட்டுப்பலகை ஒன்று, பனி விழுந்தால் அதன்மேல் அளக்க. புல்லில் அளந்தால் புல்லின் உயரமும் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால் பலகை. மாலையில் தொலைக்காட்சி, காலையில் செய்தித்தாளின் கடைசிப் பக்க வரைபடம். இவற்றுக்கெல்லாம் மேலாக, தேசிய வானிலைச் சேவையின் வானொலிக்கென்றே ஒரு சின்னப் பெட்டி.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1990-களின் பிற்பகுதி வரை அதில் பேசியவர்கள் வானிலை அலுவலர்களே. முன்னறிவிப்பை எழுதியவரோ, பக்கத்து மேசைக்காரரோ, ஒலிநாடாவில் வாசித்துப் பதிவார்கள். அது திரும்பத் திரும்ப ஓடும். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "தாழ்வான இடங்களிலும் பனிக்கு வாய்ப்பு" என்ற ஒரே வாக்கியத்தை, நம்பிச் சொல்கிறவர் ஒரு மாதிரியும் நம்பாமல் சொல்கிறவர் வேறு மாதிரியும் சொல்வார்கள் என்பது அவர் கணிப்பு. "இன்றைக்கு வாசிக்கிற பையனுக்கு நம்பிக்கை இல்லை" என்று பெட்டியை அணைத்துவிட்டுத் தூங்கப் போன இரவுகள் உண்டு. சில ஆண்டுகளில் கணினிக் குரல் வந்தது. அலுவலர்களின் நேரம் மிச்சமானது, எச்சரிக்கைகள் சில நொடிகளில் ஒலிபரப்பாயின, புயலில் படகோட்டுகிறவனுக்கு அது உயிர் காக்கும் விரைவு. பெரியவர் மட்டும் அதன்பிறகு அந்தப் பெட்டியை அதிகம் கேட்டதாக நினைவில்லை.

இன்றைக்கு என் கைபேசியில் இருப்பதை அவர் மேசைமேல் பரப்பினால் அந்த வீடு கொள்ளாது. அமெரிக்க மாடல் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது. குளிர்கால நேரப்படி, காலை ஏழரை, பகல் ஒன்றரை, இரவு ஏழரை, பின்னிரவு ஒன்றரை என்று அதன் படங்கள் வரத் தொடங்கும். ஐரோப்பிய மையத்தின் மாடல் இரவு பத்து மணியளவில் வரும். பித்தர்களின் வீடுகளில் விளக்கு எரிவது அந்த நேரத்தில்தான். இரண்டும் ஒரே கணக்கைப் பலமுறை சிறுசிறு மாற்றங்களோடு போட்டுப் பார்க்கின்றன. ஐரோப்பிய மாடலில் அப்படி 51 கணக்குகள். வெப்பநிலைக் கோடுகள் முதல் மூன்று நாட்களுக்கு ஒரே கயிறாகப் போய், பிறகு நூல்கண்டு பிரிந்ததுபோலச் சிதறும். வாஷிங்டன் பல்கலைக்கழகம் தன் பங்குக்கு இந்த மலைகளையும் கடல் விரல்களையும் நுணுக்கமாகக் கணக்கிலெடுக்கும் மாடலை ஓட்டுகிறது. செயற்கை நுண்ணறிவில் ஓடும் மாடல்களும் வந்துவிட்டன. ஐரோப்பிய மையம் 2025 பிப்ரவரியில் தன்னுடையதை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது.

கடலைப் பார்க்கும் கண்ணும் மாறிவிட்டது. அலாஸ்கா வளைகுடாவில், 50 பாகை வடக்கே, 145 பாகை மேற்கே, 'பாப்பா' என்று பெயரிட்ட புள்ளியில் 1949 முதல் 1981 வரை ஒரு கப்பல் நின்றது. எங்கும் போகாத கப்பல். ஒன்று கரை திரும்ப, இன்னொன்று வந்து அதே இடத்தில் நிற்கும். குளிர்காலத்தின் பேரலைகளில் ஆடிக்கொண்டே மாலுமிகளும் வானிலையாளர்களும் பலூன் விட்டார்கள். சியாட்டிலுக்கு என்ன வரப்போகிறது என்று மனிதக் கண்ணால் முதலில் பார்த்தவர்கள் அவர்கள். இன்று நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் நின்று, அந்தக் கடலைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை படமெடுத்து அனுப்புகிறது. கரையிலும் நீண்ட நாள் ஒரு குருட்டு மூலை இருந்தது. காமனோ தீவின் ரேடார் மேற்கே பார்த்தால் ஒலிம்பிக் மலைகள் மறைக்கும். மலைக்கு அந்தப் பக்கம் கடலில் வருவது, மலையைத் தாண்டும்வரை தெரியாது. பல்கலைக்கழகத்தின் வானிலைப் பேராசிரியர் கிளிஃப் மாஸ் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தி, செனட்டர் மரியா கான்ட்வெல் முயன்று, 2011-இல் கடலோரத்தில் லாங்லி ஹில் ரேடார் வந்தது. அது இயங்கத் தொடங்கிய முதல் குளிர்காலத்தில் மழைப்பட்டைகள் கடலிலிருந்து எழுந்து வருவதைத் திரையில் பார்த்தபோது, ஒற்றைக் கண்ணில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாற்போல் இருந்தது எனக்கு.

இத்தனையின் பலன் வெறும் வேடிக்கை அல்ல. பத்து ஆண்டுக்கு ஒரு நாள் என்ற விகிதத்தில் முன்னறிவிப்பு திருந்தியிருப்பதாக வானிலையாளர்கள் சொல்வார்கள். முன்பு மூன்று நாளுக்கு இருந்த நம்பகம் இன்று ஐந்து நாளுக்கு உண்டு. 1996-இல் நாங்கள் முதல் பனியில் குழந்தைகளைப்போல விளையாடிக்கொண்டிருந்த அதே வாரத்தில், அதன்மேல் இன்னும் பனியும் உறைமழையும் விழுந்து, பிறகு வெதுவெதுப்பான மழை கொட்டி, நனைந்த பனி ஈயம்போலக் கனத்தது. எட்மண்ட்ஸ் படகுத்துறையின் கூரைகள் சரிந்து படகுகளை அழுத்தின. தொடர்ந்த ஜனவரியில் குன்றுச் சரிவுகள் நெகிழ்ந்தன. பெயின்பிரிட்ஜ் தீவில் ஒரு வீட்டின்மேல் மண் சரிந்து ஒரு குடும்பமே மாண்டது. பனி என்றால் அழகு மட்டுமில்லை என்று அந்த மாதம் எனக்குத் தெரிந்தது.

2008 டிசம்பரில் வாகனங்களைவிடக் கடல் பெரிது என்று எண்ணி நகரம் சாலைகளில் உப்புத் தூவாதிருந்தது. பனி இறுகிப் பாளமாகி, கேபிடல் ஹில் சரிவில் சறுக்கிய இரண்டு பேருந்துகள் தடுப்புச்சுவரை உடைத்துக்கொண்டு, கீழே ஓடும் நெடுஞ்சாலைக்கு மேலே அந்தரத்தில் மூக்கை நீட்டி நின்றன. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தது பெரும்பேறு. அடுத்த ஆகஸ்ட்டில் மேயர் முதல்கட்டத் தேர்தலிலேயே தோற்றார், பனியைக் கையாண்ட விதம் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. 2019 பிப்ரவரியில் விமான நிலையத்தில் 20.2 அங்குலம் விழுந்தபோது, வருவது சில நாள் முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தது. உப்புநீர் தெளிக்கும் வண்டிகள் முந்தைய நாளே சாலையில் இறங்கின. வீடற்றவர்களுக்குக் கூடுதல் தங்குமிடங்கள் திறக்கப்பட்டன. மாடலைப் பார்த்து மகிழ்கிறவன் என்ற முறையில், அந்தத் தங்குமிடங்களில் இரவைக் கழித்தவர்களை நினைத்துக்கொள்வது என் கடமை. முன்கூட்டித் தெரிந்ததால் கிடைத்த நன்மையில் மிகப் பெரிய பங்கு அவர்களுடையது.

ஆனால் நாங்கள் துரத்தும் பனி பெரும்பாலும் விழுவதில்லை. பத்து நாள் தள்ளி ஒரு படத்தில் ஊதா நிறம் தெரியும். ஊருக்கு மேலே 14 என்று எழுதியிருக்கும். அடுத்த ஓட்டத்தில் 9. மறுநாள் 3. பிறகு தாழ்வு மையம் ஐம்பது மைல் வடக்கே விலகி, தென்காற்று உள்ளே வந்து, படம் முழுக்க மழைப் பச்சை. அன்று பெரியவருக்கு ஓர் ஏமாற்றம் என்றால் அது ஒரு காலையில் முடிந்துவிடும். சன்னல் திரையை விலக்குவார், நனைந்த தெரு கறுப்பாக மின்னும், காபி போடப் போய்விடுவார். எனக்கு அதே ஏமாற்றம் நாளுக்கு நான்கு முறையாக, பத்து நாள் நீள்கிறது. விழவே விழாத பனிக்கு இப்படி எத்தனை முறை துக்கம் அனுசரித்திருக்கிறேன் என்று எண்ணினால், விழுந்த பனியைவிட அது அதிகம். விழுகிற பனிக்கும் அதேதான். என் மகள் சின்னவளாக இருந்தபோது, பைஜாமாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தூங்கினால் பனி விழும் என்று இங்குள்ள பிள்ளைகள் சொல்வதை நம்பி அப்படியே செய்வாள். விடிந்ததும் வெளிச்சம் வேறு மாதிரி இருப்பதைப் பார்த்து, எழுந்து ஓடுவதற்குள்ளேயே அவளுக்குத் தெரிந்துவிடும். தெருவின் ஓசை முழுவதும் பஞ்சில் புதைந்ததுபோல இருக்கும். அந்த விடியலை அவளுக்கு முன்னால் ஐந்து நாளாகப் படங்களில் பார்த்துச் சலித்திருந்தவன் நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் கண் கூர்மையாகக் கூர்மையாக, பார்க்க வேண்டிய பொருள் அருகிக்கொண்டே வந்திருக்கிறது. பெரியவரின் நோட்டில் 1950, 60-களின் பக்கங்களைப் பென்சில் எழுத்து நிறைத்திருக்கும். பின்னால் போகப்போக வெறும் தேதிகள். 2015-இல் மலைமேலேயே பனி பொய்த்து, மே மாதம் ஆளுநர் மாநிலம் முழுவதற்கும் வறட்சி அறிவித்தார். கப்பலும் பாரமானியும் இருந்த காலத்தில் பனி இருந்தது. செயற்கைக்கோளும் 51 கணக்கும் இருக்கும் காலத்தில் ஒரு டிகிரிக்காக ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்த ஒரு டிகிரிதான் இன்னும் பிடிபடவில்லை. ஃபாரன்ஹீட்டில் 32 உறைநிலை. இங்கே பனி விழுவது பெரும்பாலும் 31-க்கும் 34-க்கும் நடுவே. வானம் பலமாகப் பொழிந்தால், விழும் பனி உருகும்போது காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு, காற்றைத் தானே குளிர்வித்து, மழையைப் பனியாக்கிவிடும். தூறலாக விழுந்தால் அந்த மாற்றம் நடக்காது. ஒலிம்பிக் மலைகளைச் சுற்றி வரும் இரண்டு காற்றோட்டங்கள் எந்தத் தெருவுக்கு மேலே கூடுகின்றன என்பதைப் பொறுத்து லின்வுட்டில் நான்கு அங்குலம், பல்லார்டில் தண்ணீர். இதைத் தெருக்கணக்கில் சொல்ல எந்த மாடலாலும் இன்றுவரை முடியவில்லை. அதனால் கடைசி ஒரு மணி நேரத்தில் நாங்கள் எல்லோரும் அன்று பெரியவர் செய்ததையே செய்கிறோம். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சன்னலுக்குப் போய், எதிர்வீட்டு வாசலின் தெருவிளக்கைப் பார்க்கிறோம். ஒளிக்கூம்புக்குள் துளி நேராக, வேகமாக விழுந்தால் மழை. இறங்கும் வேகம் தளர்ந்து, ஒன்றிரண்டு பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு கணம் மேலேகூட எழுந்தால், அதுதான்.

பெரியவர் 2012 வசந்தத்தில் இறந்தார். அந்த ஜனவரியில் விழுந்த பனிதான் அவர் கடைசியாக அளந்தது. குனிய முடியாததால் நான் கோலைப் பிடிக்க, அவர் எண்ணைப் படித்தார். நோட்டு அவருடைய தங்கையிடம் போனது. வெள்ளைப் பலகை என்னிடம் இருக்கிறது. ஈராண்டுக்கு ஒருமுறை சாயம் பூசுகிறேன். அதில் அளந்ததை நாடு முழுவதும் தன்னார்வலர்கள் காலைதோறும் மழையளவு தரும் கோகோராஸ் என்ற அமைப்புக்கு எழுதி அனுப்புகிறேன். என் எண், பென்சில் நோட்டுக்குள் கிடக்காமல், அன்றே ஒரு முன்னறிவிப்பாளரின் திரையில் ஒரு புள்ளியாகத் தெரிகிறது. அவர் இதைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பெல்லிங்ஹாம் விமான நிலையத்தின் காற்றுத் திசையும் வேகமும் இப்போது என் கைபேசியிலேயே புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. பார்ப்பதற்கு ஒரு விரல் போதும். கடந்த குளிர்காலத்தில் ஒரு மாலை, அது வடகிழக்கு என்று காட்டிய பிறகும், அந்த அம்மாளை அழைத்தேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, காது சரியாகக் கேட்பதில்லை. கேள்வியை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கைத்தடி தரையில் ஊன்றும் ஓசை மெல்ல விலகிப் போயிற்று. தாழ்ப்பாளை நீக்கினார் போலும். காற்றில் கதவு ஒருமுறை அடித்தது, மீண்டும் ஒருமுறை அடித்தது. கைத்தடி திரும்பி வரும்வரை காத்திருந்தேன்.